மணியைக் குறைத்தது யார்

மாசி 6, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கத்தில் பால், மளிகை, கேஸ் கணக்கு. இன்று முதல் பின்பக்கத்திலிருந்து பாட்டுக் கணக்கு.

பங்குனி பன்னிரண்டாம் தேதி எங்கள் ஊர் மாரியம்மனுக்கு மாவிளக்கு. அன்று சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் நடுகிற கம்பத்தைச் சுற்றி ஆடுகிறவர்களுக்கு என் பாட்டு ஓட வேண்டும். முடியாவிட்டால் லேப்டாப்பை மூடி, மகள் அபிநயாவுக்கே பெங்களூருக்குப் பார்சல் போட்டுவிடுவேன். இந்தக் கெடுவை யாரும் வைக்கவில்லை. அம்மனுக்கு முன்னால் கையில் மஞ்சள் கயிறு கட்டி நானே வைத்துக்கொண்டது.

போன வருஷம் இதே மாரியம்மன் நோம்பியில் நடந்ததை மறக்க முடியவில்லை. கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், ஸ்பீக்கர் பெட்டிகளில் கண்றாவியான சினிமாப் பாட்டு. அம்மன் கேட்கக் கூடிய பாட்டா அது. சவுண்டு சர்வீஸ் பூபதியிடம் நிறுத்தச் சொன்னேன். அவன் மைக்கை அணைக்காமலே, "ஏனுங்க துளசியக்கா, சாமி பாட்டுக்கு எவன் ஆடறான்? ஆடற மாதிரி ஒண்ணு நீங்களே போட்டுக் குடுங்க, ஓட்டறனுங்க" என்றான். ஊரே சிரித்தது.

சிரிக்கட்டும். மகள் விட்டுப்போன லேப்டாப் இருந்தது. மொபைலில் வீடியோ பார்த்து ஒரு வருஷமாகப் படித்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறவன் இந்திக்காரன். அவன் பேச்சு புரியாது, கை போகிற இடம் புரியும். எனக்கு அது போதும்.

மாசி 8, வியாழன்

பாட்டுக்கு அடித்தளம் எங்கள் தறிதான். வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டுத் தறி. நான் பதினைந்து வயதில் தறிக்குப் போனவள், கல்யாணத்துக்குப் பிறகும் சமையல் முடிந்தால் அங்கேதான் நூல் சுற்றுகிறேன். நூலை இழுக்கிற நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் மோதுகிற அடியைப் பதிவு செய்தேன். ஆட்டப் பாட்டு என்ன வேகத்தில் இருக்க வேண்டும் என்று இந்திக்காரன் காட்டுகிறானோ, எங்கள் மூன்றாம் தறி கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஆயுசு பூராவும் அடித்துக்கொண்டிருக்கிறது.

நான் ஃபோனை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து, என் வீட்டுக்காரர் கோடியிலிருந்து, "தறிக்குப் போட்டோப் புடிக்கறயா, கண்ணாலமா பண்ணி வெக்கப் போறே?" என்றார். சத்தமாக இல்லை. குடோனுக்குள் குரல் எடுபடாது. வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம். எட்டாம் தறியில் நிற்கிறவர் சொல்வது முதல் தறியில் நிற்கிறவளுக்குப் புரிந்துவிடும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஊமைகளின் சண்டை என்று நினைப்பார்கள்.

தறி அடி ஏறிக்கொண்டே போகும். சட்டென்று எல்லாம் நிற்கும். அந்த மௌனத்தில் என் பூஜை மணி மட்டும் தனியாக ஒலிக்கும். அது அடங்குவதற்குள் தறிகள் எட்டும் ஒன்றாக வந்து விழும். சாமி வர வேண்டிய இடம் அதுதான். மணி இல்லாவிட்டால் அது வெறும் தறி.

மாசி 9, வெள்ளி

பூஜை மணியை யாரோ மாற்றிவிட்டார்கள்.

பழனியில் வாங்கிய வெண்கல மணி. அடித்தால் தெருமுனை வரைக்கும் போகும். இன்று துணியைச் சுற்றி அடித்த மாதிரி இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். அப்படியேதான். அவரிடம் கேட்டேன். மணியைத் திருப்பி விளிம்பில் இருந்த நசுங்கலைக் காட்டினார்.

"இது நீ போன தீவாளிக்குக் கீழ போட்டதுதான. அதே மணிதான் புள்ள."

நசுங்கலையும் செய்து கொடுக்க ஆளில்லாமலா போய்விட்டது?

நல்லவேளை, தை மாசமே மணியைப் பதிவு செய்து வைத்திருந்தேன்.

மாசி 13, செவ்வாய்

பதிவு செய்த மணியும் குறைகிறது.

நேற்று வேண்டிய அளவுக்கு ஏற்றி வைத்துவிட்டுத்தான் மூடினேன். இன்று திறந்தால் மூச்சு விடுகிற மாதிரி கேட்கிறது. திரையில் மணியின் கோடு நெட்டுக்குத்தாக நிற்கிறது, கேட்டால் குட்டையாக இருக்கிறது. நான் வைத்த எண் வைத்த இடத்திலேயே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு எண்ணைப் பழையபடி வைக்கலாம்.

இரண்டு வீடு சேர்ந்த இந்த வளவில் விவரம் தெரிந்தது ஒருத்திக்குத்தான். என் கொழுந்தனார் பெண்டாட்டி ரேணுகா. அடுத்த கதவு. கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவள். மத்தியானம் புளி கேட்டு வந்தாள். அவள் வீட்டில் புளி இருக்கிறது. போன மாசம் சேர்ந்துதான் வாங்கினோம்.

பாஸ்வேர்டை மாற்றினேன். மணியை இன்னும் ஏற்றினேன்.

மாசி 16, வெள்ளி

அம்மனுக்கு எலுமிச்சை மாலை. பருப்பு அடிப்பிடித்துக் கரிந்தது. ரேணுகா ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏழு விசில் வந்துருச்சுங்கக்கா. என்ற ஊட்டு வரைக்கும் கேக்குது, நீங்க இங்கயே நிக்கறீங்க."

குக்கருக்கு வாசர் மாற்ற வேண்டும், விசில் சரியாக வருவதில்லை. ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் அவள் கிளம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். லேப்டாப் மேசை மேல்தான் இருந்தது.

மாசி 20, செவ்வாய்

கரண்ட் இல்லை, தறி எல்லாம் நின்றிருந்தது. துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால், முருங்கை மரத்தடியில் அவரும் ரேணுகாவும். தறி நின்ற நேரத்தில் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. ஊரே அமைதியாக இருக்கும்போது எதற்குக் குடோன் பேச்சு? ரகசியம் பேசத்தானே.

அவள் முதுகு என் பக்கம். அவர் முகம் தெரிந்தது. "இப்பச் சொல்ல வேண்டாம். நோம்பி முடியட்டும்" என்றார்.

என்னைப் பார்த்ததும் இருவரும் கலைந்தார்கள். அவள், "முருங்கக்காய் பறிக்க வந்தனுங்கக்கா" என்றாள். கையில் ஒரு காயும் இல்லை.

எதைச் சொல்ல வேண்டாம்? குடோனை விற்கிறார்களா? பாகம் பிரிக்கிறார்களா? அல்லது இந்த வயதில் ஆட்டப் பாட்டுப் போடுகிற பைத்தியத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று யோசிக்கிறார்களா?

மாசி 25, ஞாயிறு

அபிநயா ஃபோன் செய்தாள். வாய்க்குள்ளேயே முனகினாள். "வாயைத் திறந்து பேசு கண்ணு" என்றதற்குக் கோபித்துக்கொண்டாள் போல. அவர் ஃபோனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வெகுநேரம் பேசினார். மகளையும் அந்தக் கட்சியில் சேர்த்தாயிற்று.

முகம் தெரிகிற மாதிரி வீடியோவில் கூப்பிட்டால் நன்றாகத்தான் பேசுகிறாள்.

தறிகள் எட்டும் விழுகிற இடம் இன்று கூடிவிட்டது. தரையில் கை வைத்தால் அதிர்கிறது. மணி மட்டும்தான் பாக்கி.

பங்குனி 1, வெள்ளி

மாசப் பிறப்பு. வாசலுக்குச் சாணம் தெளித்து, கோயிலுக்குப் போய் வந்து, மத்தியானம் பாட்டைப் போட்டேன். திரும்பினால் வாசற்படியில் ரேணுகா, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு.

"அந்த மணி என்னங்கக்கா, காதைக் கிழிக்குது. குழந்தை தூங்குதுங்க. கொஞ்சம் கொறைங்க."

பார்த்தாயா. அவளே வாயைத் திறந்து குறைக்கச் சொல்லிவிட்டாள். ஒரு மாசமாகத் திருட்டுத்தனமாகக் குறைத்துப் பார்த்தாள், பாஸ்வேர்டு மாற்றியதும் நேராக வந்து கேட்கிறாள்.

"உனக்குக் கிழியுதுன்னா நீ உன்ற ஊட்டுக் கதவைச் சாத்திக்கோ" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சொல்றனுங்க" என்று போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. இவள் எப்போதும் இப்படித்தான்.

லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் தாலிக்கொடியில்.

பங்குனி 2, சனி

பீரோவுக்குள் இருந்தும் மணி குறைந்திருக்கிறது.

பங்குனி 5, செவ்வாய்

பூச்சாட்டு, நோம்பி தொடங்கும் நாள். கம்பம் நட்டாயிற்று. இனி வெளியூர் போகக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது. மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு போய்க் கம்பத்தில் ஊற்றினேன். வேப்பிலை நனைந்த வாசத்தில் கொஞ்ச நேரம் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நின்றேன். அப்புறம் பின்னாலிருந்து ஒருத்தி தோளைத் தொட்டுத் திருப்பி, "எத்தனை தடவ கூப்புடறது, வழி உடுங்க" என்றாள். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கோயிலில் வந்தும் பொய்.

பங்குனி 6, புதன்

பென்டிரைவை எடுத்துக்கொண்டு பூபதியின் சவுண்டு சர்வீஸ் செட்டுக்குப் போனேன். அவரும் வருகிறேன் என்று கூடவே வந்தார். பூபதி சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வாங்கினான். பெரிய பெட்டியில் போட்டான்.

தறி அடி தொடங்கியதும் அவன் சிரிப்பு நின்றது. தலை தானாக ஆடியது. ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அடி ஏறியது. நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது எனக்கு. சட்டென்று எல்லாம் நின்றது.

அப்புறம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பூபதி முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினான். மற்ற இரண்டு பேரும் பொத்தினார்கள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அவரும் பொத்தினார்.

நான் மட்டும் மணி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பூபதி அணைத்துவிட்டு வந்தான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "அக்கா, தறி அடி அருமைங்க. நான் எதிர்பாக்கவே இல்லை. ஆனா அந்த மணிய அப்புடியே ஓட்டுனா பெட்டி கிழிஞ்சுரும், கம்பத்தடியில நிக்கற குழந்தைங்க காதும் போயிரும். அதைச் சரி பண்ணிக் குடுத்தாத்தான் ஓட்டுவேன். நாயித்துக்கெழமைக்குள்ள குடுத்துருங்க."

காசு வாங்கிக்கொண்டு நடிக்கிறான் என்று முதலில் நினைத்தேன். நாய்க்கு யார் காசு கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

பங்குனி 7, வியாழன்

தறியை நிறுத்திவிட்டு அவர் சாப்பிட வந்தார். வழக்கமில்லாத வழக்கமாக எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ரேணுகா, கையில் தண்ணீர்ச் சொம்போடு.

"மோருல உப்புப் போட்டயா?" என்றார்.

"போட்டனுங்."

"பாட்டு எந்த மட்டுல இருக்குது?"

"மணி ஒண்ணுதான்."

"இப்ப நான் சத்தமாப் பேசறனா, வாயை மட்டும் அசைக்கறனா?"

"இதென்ன கேள்வி. சத்தமாத்தான் பேசறீங்க."

ரேணுகா சொம்பைக் கீழே விட்டுவிட்டாள். தண்ணீர் என் கால் வரைக்கும் வந்த பிறகுதான் பார்த்தேன். அவள், "எனக்கு ஒரு வார்த்தகூடக் கேக்கலீங்க மாமா" என்றாள்.

அவர் தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து எடுத்துவிட்டு, "இப்ப நெம்பச் சத்தமா ஒண்ணு கேட்டேன். என்ன கேட்டேன்?" என்றார்.

"துண்டை வாயில வெச்சுக்கிட்டுப் பேசினா யாருக்குத்தான் கேக்கும்" என்றேன்.

ரேணுகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்காத முதல் மூன்று கேள்வி எனக்கு எப்படிக் கேட்டது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

பங்குனி 8, வெள்ளி

கம்பம் நட்ட பிறகு ஊர் எல்லை தாண்டக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "பொழுதுக்குள்ள வந்துரலாம், அம்மன் ஒண்ணும் நெனைக்காது" என்று அவர் பஸ் ஏற்றினார். கோயம்புத்தூரில் ஒரு காது ஆஸ்பத்திரி.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னாள் அந்தப் பெண். மிஷின் ரிப்பேர் போல. ஆரம்பத்தில் ஊம் ஊம் என்று கொஞ்சம் வந்தது, அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருந்தாள். பாவம் என்று நடுவில் இரண்டு தடவை நானாகவே அமுக்கினேன்.

டாக்டர் முகத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்துக்கொண்டே பேசினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவர் என் எதிரே நின்று சொன்னார்.

"கீழ்க்கட்டைச் சத்தம் கேக்குதாம். மேல்கட்டைச் சத்தம்தான் போயிருச்சாம். தறிச் சத்தத்துலயே இருந்தவங்களுக்கு இப்புடித்தான் ஆகுமாம். உனக்கு வாயைப் பாத்தே பழகிப் போச்சு, அதுல நமக்கும் தெரியாமப் போச்சு. மிஷின் வெச்சா ஓரளவுக்குக் கேக்குங்கறாங்க. நோம்பி முடிஞ்சு கூட்டிட்டுப் போலாம்னுதான் இருந்தேன் துளசி. நீ இந்தப் பாட்டுல இருந்தயா, சொல்ல மனசு வரல."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பூக்காரி ஒருத்தி ஏறி முல்லை விற்றாள். ரோடு எல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

பங்குனி 9, சனி

லேப்டாப்பைத் திறக்கவில்லை. மாவிளக்குக்குப் பச்சரிசி புடைத்தேன். வெல்லம் தட்டினேன். பூஜை சாமான் எல்லாம் தேய்த்தேன், மணியைத் தவிர.

பார்சலுக்கு அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று பரண் மேல் பார்த்தேன். இருக்கிறது.

பங்குனி 10, ஞாயிறு

காலையில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது கையில் கட்டிய மஞ்சள் கயிறு ஈரமாகிக் குறுகுறுத்தது. பாட்டை முடிக்கிறேன் என்றுதான் கட்டினேன். நானே ஒருத்தியாக முடிக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லவில்லை.

ரேணுகாவின் கதவைத் தட்டினேன். லேப்டாப் என் இடுப்பில்.

"நீ வந்து மணிய வை" என்றேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "நான் கொறைச்சா, கொறைச்சுட்டாள்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன்."

"கொறைங்கன்னு சொன்னதுக்கே பீரோவைப் பூட்டினீங்க."

"பூட்டினேன். அன்னைக்குப் புளி கேட்டு வந்தயே, உன்ற ஊட்டுல புளி இருந்துச்சா இல்லயா?"

"இருந்துச்சு. உங்களுக்குக் கேக்குதா இல்லயான்னு பாக்கத்தான் வந்தேன். பின்னால நின்னு நாலு தடவ அக்கா அக்கான்னேன்."

லேப்டாப்பை நீட்டினேன். அவள் வாங்கி மேசை மேல் வைத்தாள்.

பாட்டை ஓட்டி, எல்லாம் நிற்கிற இடத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முதலில் கண்ணை இறுக மூடினாள். குறைத்தாள். மறுபடி ஓட்டினாள். புருவம் நெரிந்தது. குறைத்தாள். "போதும், செத்துரும்" என்றேன். "சாகாதுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் ஏற்றினாள். பிறகு என்னென்னவோ செய்தாள். "சத்தத்தோட வால்ல கொஞ்சம் இழுத்து உடலாங்களா, கோயில்ல அடிக்கற மாதிரி?" என்று கேட்டாள். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பொறாமையாக இருந்தது. செய் என்றேன்.

மறுபடி ஓட்டினாள். தறி நின்றது. அவள் முகம் ஒன்றும் சொல்லவில்லை. நல்லா இருக்குதுங்கக்கா என்று வாயால் சொல்லலாம், அதை நான் நம்பப் போவதில்லை. ஆனால் மேசை மேல் இருந்த அவள் கை கண்ணில் பட்டது. முழங்கை வரைக்கும் முடி குத்திட்டு நின்றது.

அதை யாரும் நடிக்க முடியாது.

பென்டிரைவை அவளே கொண்டுபோய்ப் பூபதியிடம் கொடுத்தாள்.

பங்குனி 12, செவ்வாய்

மாவிளக்கு எடுத்துக்கொண்டு போனேன். அம்மனுக்கு இறக்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது கம்பத்தைச் சுற்றி நல்ல கூட்டம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அந்தப் பக்கம், கம்பத்துக்கு நேர் எதிரே, ரேணுகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பாட்டு தொடங்கியது செருப்பில்லாத காலில் தெரிந்தது. மூன்றாம் தறி. பிறகு ஒவ்வொன்றாக. நெஞ்சுக்குள் வந்தது. பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். எங்கள் குடோனில் நூல் சுற்றுகிற பெண்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். அவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரிந்துவிட்டது. தினமும் கேட்டு அலுத்த சத்தத்துக்கு அவர்களே ஆடினார்கள். அடி ஏறியது, ஏறியது, நின்றது.

தரை அசையவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிய காலும் கையுமாக அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். யாரும் காதைப் பொத்தவில்லை. பூபதி கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

நான் ரேணுகாவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடியிலிருந்து, குடோனில் பேசுகிற மாதிரி, வாயை மட்டும் அசைத்தாள்.

"மணி."

பிறகு எட்டுத் தறியும் வந்து விழுந்தன. புழுதியில் கம்பம் தெரியவில்லை. இரண்டு பேருக்குச் சாமி வந்தது.

முடிந்ததும் பூபதி மைக்கில் ஏதோ சொன்னான். மைக் அவன் வாயை மறைத்தது. என்ன சொன்னான் என்று அவரைக் கேட்டேன். "துளசியக்கா போட்ட பாட்டுன்னு சொன்னான்" என்றார். ரேணுகாவையும் தனியாகக் கேட்டேன். அதையேதான் சொன்னாள். இருவரும் பேசிவைத்துக்கொள்ள நேரமில்லை.

மணியை அவள் ஒரு துளி கூடுதலாகக் குறைத்துவிட்டாளோ என்று இப்போதும் இருக்கிறது. போட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவள் சொன்னதுதான் கணக்கு.

பங்குனி 13, புதன்

பொங்கல் வைத்தோம். கயிற்றை அவிழ்த்துக் கம்பத்தடியில் போட்டேன். அட்டைப்பெட்டியைப் பரண் மேல் ஏற்றியாயிற்று.

வீட்டுக்கு வந்து பூஜை மணியைப் புளி போட்டுத் தேய்த்தேன். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, மணியை அடித்தேன். அடுத்த கதவில் ரேணுகாவின் குழந்தை தலையைத் திருப்பி எங்கள் வாசலைப் பார்த்தது. கேட்டிருக்கிறது.

பழனியில் வாங்கிய அதே மணிதான். யாரும் மாற்றவில்லை.